இந்தக் கார் மஞ்சள் நிறம்

பன்யோங்கின் கார் கறுப்பு. அண்டங்காக்கைக் கறுப்பு. அதன் டிக்கியில் மட்டும் உள்ளங்கை அகல வெள்ளை எழுத்துகளில் ‘இந்தக் கார் மஞ்சள் நிறம்’ என்று ஒட்டியிருக்கும்.

பிட்சனுலோக்கில் இதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஊரில் பாதி வண்டிகள் இப்படிப் பொய் சொல்லிக்கொண்டுதான் ஓடுகின்றன. வியாழக்கிழமை பிறந்தவனுக்குக் கறுப்பு ஆகாது. ஆனால் வாய்த்த கார் கறுப்பு. என்ன செய்வது? கிரகங்களுக்கு ஒரு அறிவிப்பு ஒட்டிவிட வேண்டியதுதான். மேலே இருப்பவர்களுக்கு நன்றாகப் படிக்க வரும், நிறம் பார்க்க மட்டும் வராது என்பது ஏற்பாடு.

பன்யோங்குக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். குடிநீர் அலுவலகத்தில் புகார் மேசைக்காரர். தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களிடம் “வரும்” என்று சொல்வது அவர் வேலை. அதை அவ்வளவு கனிவாகச் சொல்வார், வந்தவர்கள் காலிக் குடத்தோடு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். சட்டைக்குள் மூன்று தாயத்து. ஒன்று விபத்துக்கு, ஒன்று வயிற்றுக்கு, மூன்றாவது எதற்கென்று மறந்துவிட்டது. எதற்கென்று தெரியாததைக் கழற்றுவதுதான் ஆபத்து என்று அதையும் விடாமல் போட்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதர் விழுந்து விழுந்து ஆசைப்பட்டது யாரிடம் என்றால், பிரானி டீச்சரிடம்.

பிரானி உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்கவும் யாருக்கும் தைரியம் வந்ததில்லை. மீட்டர் தப்பாக ஓடுகிறது என்று ஒருநாள் புகார் மேசைக்கு வந்தார். பக்கத்து மேசைக்காரன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “டீச்சர், வீட்டு முன்னாடி இருக்கிற காவல் சாமிக்குத் தண்ணி வெக்க மறந்துட்டீங்களா?” என்று கேட்டுவிட்டான்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வகுப்பில் அந்தக் கண்ணாடி மேலே ஏறினால் நாற்பது பிள்ளைகள் கீழே பார்ப்பார்களாம்.

“சாமிதான் என் பைப்பைத் திருகிவிட்டு ராத்திரி பூரா குளிச்சுதுன்னு எழுதிக்கட்டுமா? கையெழுத்து நீங்க போடுறீங்களா, சாமி போடுமா?”

பன்யோங் அங்கேயே விழுந்தார். விழுந்த வேகத்தில் வாய் முந்திக்கொண்டது.

“நான் இதெல்லாம் நம்புறதே இல்ல டீச்சர். எனக்கு அறிவியல்தான்.”

சொல்லும்போது சட்டைக்குள் மூன்று தாயத்தும் ஒன்றோடொன்று மோதி ‘டிங்’ என்றன. இருமி மறைத்துவிட்டார்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆற்றங்கரைப் பூங்காவில் டீச்சர் உடற்பயிற்சிக்கு வரும்போது, பன்யோங்கும் கையைக் காலை ஆட்ட வந்துவிடுவார். காரை மட்டும் எங்கே போனாலும் பின்பக்கமாக ஓட்டி, டிக்கியைச் சுவரோடு அப்பித்தான் நிறுத்துவார். சுவர் இல்லாத இடத்தில் புதர். புதரும் இல்லாவிட்டால் அன்றைக்கு உடற்பயிற்சி இல்லை. “எவ்வளவு ஒழுங்கா நிறுத்துறீங்க!” என்று டீச்சர் ஒருமுறை பாராட்டக்கூடச் செய்தார்.

குளிர்காலம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, கையை மேலே தூக்கிக் கீழே இறக்கும் இடைவெளியில் டீச்சர் சொன்னார். “ஞாயித்துக்கெழம சுகோத்தாய் போறேன். அம்மா பிறந்தநாள். கூடையெல்லாம் தூக்கிட்டு பஸ்ல போறதை நெனச்சாலே இடுப்பு வலிக்குது.”

“என் கார் எதுக்கு இருக்கு?”

“அம்மா ‘யாருடி இது’ன்னு கேப்பாங்க.”

“கேக்கட்டுமே.”

டீச்சர் கையை இறக்கினார். சிரித்த மாதிரி இருந்தது. “சரி. டிக்கி பெரிசா?”

தன் அம்மா முன்னால் ஒரு ஆளைக் கொண்டுபோய் நிறுத்த டீச்சர் இத்தனை வருடத்தில் யாருக்கும் இடம் கொடுத்ததில்லை என்பது ஊருக்கே தெரியும். அந்த இடத்துக்கும் பன்யோங்குக்கும் நடுவில் இப்போது நின்றது ஒரே ஒரு வரி. இந்தக் கார் மஞ்சள் நிறம்.

சனிக்கிழமை காலை வேலை ஆரம்பித்தது. எதிர்வீட்டு வாசலில் பன்றி இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்கிற சாம்லி அக்காவிடம் போய், தலைமுடி காயவைக்கிற மெஷினை இரவல் கேட்டார்.

சாம்லி அவருடைய தலையைப் பார்த்தாள். அதில் காயவைக்க எதுவும் இல்லை.

“எதுக்குத் தம்பி?”

“ஸ்டிக்கர் எடுக்க. சூடு காட்டுனா பசை இளகும்.”

சாம்லியின் கையிலிருந்த விசிறி நின்றது. “எந்த ஸ்டிக்கர்? சாமியார் நாள் பாத்து ஒட்டுனதா? ஏம்ப்பா, அஞ்சு வருசமா ஒரு நாய்கூட உன் கார்ல அடிபடலையே, அது உன் டிரைவிங்னு நெனச்சியா?”

“அக்கா, இது இருபத்தோராம் நூற்றாண்டு.”

“லாரிக்கு அது தெரியுமா?”

ஆனாலும் மெஷினைக் கொடுத்தாள். வேடிக்கை பார்க்க வேண்டுமே.

சூடு காட்ட எழுத்துகள் சமர்த்தாக உரிந்து வந்தன. பன்யோங் ஒவ்வொன்றையும் தூக்கிப் போடாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அறிவியல் வேறு, அவமரியாதை வேறு. கடைசி எழுத்தை எடுத்துவிட்டு எட்ட நின்று பார்த்தார். ஸ்டிக்கர் இல்லை. எழுத்து இருந்தது. ஐந்து வருட வெயில் சுற்றியிருந்த பெயிண்டைத் தின்று சாம்பலாக்கியிருந்தது. எழுத்துக்கு அடியில் இருந்தது மட்டும் புதுக் கறுப்பு. முன்பு வெள்ளையில் சொன்ன பொய்யைக் கார் இப்போது கறுப்பில் சொன்னது.

பதறிப்போய்ப் பாத்திரம் கழுவுகிற சோப்பை ஒரு வாளியில் கரைத்து, உச்சி வெயிலில், பழைய பனியனால் தேய்தேய் என்று தேய்த்தார். நுரை தேய்த்த இடத்திலேயே காய்ந்து கார் முழுக்கத் தேமல் வந்தது. அந்தக் கோலத்தோடு கோயிலுக்குப் பின்புறத் தெருவில் கார் கழுவுகிற தூய் என்பவனின் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

தூய் நல்ல தடியன். வாய் அதைவிடப் பெரியது. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

“எதால அண்ணே கழுவுனீங்க?”

“பாத்திர சோப்பு.”

“நல்லது. பானட்டுல எண்ணெயைக் காயவெச்சு வாழைப்பழம் பொரிச்சிருந்தா சாயங்காலப் பலகாரமும் முடிஞ்சிருக்கும்.”

“கிண்டல் பண்ணாத. நாளைக்குக் காலைல இது கண்ணாடி மாதிரி இருக்கணும். நீயே செஞ்சு குடு.”

“இன்னிக்கா? அந்தா பாருங்க.” வாசலில் கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற வண்டிகள் வரிசைகட்டி நின்றன. “சாமான் தர்றேன். நீங்களே செய்ங்க. நிழல்ல வெச்சு. மேலேருந்து கீழ. சோப்புத் தண்ணிக்கு ஒரு வாளி, துணி அலச வேற வாளி. ஒரே வாளின்னா காரோட மண்ணை எடுத்து காருக்கே திருப்பிப் பூசுறீங்க. எங்க, இந்தப் பிளாஸ்டிக் பைக்குள்ள கையை விட்டுத் தடவுங்க.”

“ஏன், கை அழுக்காயிடுமா?”

“தடவுங்க அண்ணே.”

தடவினார். வெறும் விரலுக்கு வழவழ என்றிருந்த பெயிண்ட், பைக்குள்ளிருந்து தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது.

“இது காரா, குதிகால் தேய்க்கிற கல்லா?” தூய் சப்பாத்தி மாவு மாதிரி ஒரு உருண்டையை எடுத்து நீட்டினான். “ஈரத்துல வெச்சு இதை இழுங்க, ஒட்டியிருக்கிற பொடியெல்லாம் வந்துடும். கீழ விழுந்துச்சுன்னா தூக்கிப் போட்டுடணும். அப்புறம் பாலிஷ். கொஞ்சம் கொஞ்சம் எடமா, நேர்க்கோட்டுல. வட்டமா தேய்ச்சீங்க, வெயில்ல சிலந்திவலை தெரியும். கடைசியா மெழுகு. முகத்துக்கு கிரீம் போடுற மாதிரி மெல்லிசா. பொறந்தநாள் கேக்குக்குப் பூசுற மாதிரி இல்ல.”

“அவ்வளவுதானா?”

“ஒண்ணு இருக்கு. எழுத்து ஒட்டியிருந்த எடத்துல பசை இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மெழுகுக்கு முன்னாடி இந்த ஸ்பிரிட்டால நல்லா தொடைச்சு எடுங்க. ஒருவாட்டி இல்ல, பல வாட்டி. மறந்துடாதீங்க.”

எல்லாவற்றுக்கும் பன்யோங் தலையை ஆட்டினார். புகார் மேசைக்காரரின் தலையாட்டல். அது கேட்டுக்கொண்டதற்கு அடையாளம் அல்ல.

வீட்டு வாசலுக்கு வந்து ஆரம்பித்தார். மாவு உருண்டை இடது கதவுக்கு வந்ததும் மண்ணில் விழுந்தது. எடுத்தார், தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார், ஊதினார், தேய்த்தார். கதவிலும், பிறகு டிக்கியிலும் பூனை மீசை மாதிரி கீறல்கள். அதைப் போக்க பாலிஷை வட்டமாகத் தேய்த்தார். வலை வந்தது. வலையை எடுக்க நேராகத் தேய்த்தார். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்த நேரத்தில், சனியன், அழகு வர ஆரம்பித்தது. சாம்பல் விலகிக் கறுப்பு மேலே எழும்பியது. டிக்கியில் எழுத்துக்கும் மற்ற இடத்துக்கும் வித்தியாசம் குறைந்து குறைந்து, காணாமலே போனது. பன்யோங் குனிந்தால் காருக்குள்ளிருந்து இன்னொரு பன்யோங், சற்று ஒல்லியாக, நிமிர்ந்து பார்த்தார்.

ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து ஒரு இழுப்பு இழுத்த போது டீச்சரின் போன். “காலைல ஏழுக்கு வந்துடறேன். நீங்க என் வீட்டுப் பக்கம் வந்தா தெருவே ஜன்னலைத் திறக்கும். நானே வர்றேன்.” பேசி முடித்துவிட்டுத் திரும்பியவர் கை, தானாக மெழுகு டப்பாவுக்குப் போனது. ஸ்பிரிட் பாட்டில் நிரம்பினபடியே நின்றது.

காலையில் சாம்லிதான் முதலில் எழுந்தாள். அடுப்புக்குக் கரி போட வாசலுக்கு வந்தவள் எதிரே பார்த்தாள். பனி இறங்கியிருந்தது. கறுப்புக் கார் முழுக்க முத்து முத்தாக ஈரம். டிக்கியில் மட்டும் முத்துப் பிடிக்காமல், ஈரம் படலமாக விரிந்து, உள்ளங்கை அகலத்துக்கு எழுத்து எழுத்தாக நின்றது. இந்தக் கார் மஞ்சள் நிறம்.

நேற்று அவள் கண்ணெதிரே, அவளுடைய மெஷினால் உரித்தெடுத்த எழுத்து.

“யம்மோவ்! வந்துடுச்சு! உரிச்சதைத் திருப்பி எழுதிட்டுப் போயிருக்குடீ!”

தெரு எழுந்துவிட்டது. நாளை மறுநாள் லாட்டரிக் குலுக்கல் வேறு. இப்படி ஒரு நேரத்தில் ஒரு அதிசயம் வந்தால் யாரும் அதற்கு அர்த்தம் கேட்கமாட்டார்கள், நம்பர்தான் கேட்பார்கள். பன்யோங் பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்தபோது டிக்கிக்குச் சாமந்தி மாலை போட்டாகிவிட்டது. ஊதுபத்திச் சாம்பல் மேலே உதிர்ந்துகொண்டிருந்தது. சிவப்பு சோடா பாட்டிலில் உறிஞ்சுகுழல் போட்டுக் கீழே படையல். ஒருவர் மெழுகுவத்தியைச் சாய்த்து, பன்யோங் தோள்பட்டை கழல மெழுகு பூசிய இடத்தில் சொட்டுச் சொட்டாக இன்னொரு மெழுகு ஊற்றினார். நடுவில் சாம்லி, குழந்தைப் பவுடரைக் கொட்டி, நம்பர் தெரிகிறதா என்று உள்ளங்கையால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பவுடர் பசையைப் பிடித்துக்கொள்ள எழுத்து பழையபடி வெள்ளை வெளேரென்று எழும்பியது.

“அக்கா! வட்டமா தேய்க்காதீங்க!” நுரையோடு கத்தினார்.

“சும்மா இரு. நாலு தெரியுது. பக்கத்துல ஏழு.”

“அது என் கீறல்!”

“கீறலைப் போட்டது யாரு? நீயா? உன் கையைப் பிடிச்சு யாரு போட வெச்சது? யோசி.”

அப்போதுதான் ஸ்கூட்டர் வந்து நின்றது. பிரானி டீச்சர், கையில் கூடை, நல்ல பட்டுப் பாவாடை. மாலையைப் பார்த்தார். சோடாவைப் பார்த்தார். டிக்கியை வாய்விட்டுப் படித்தார், பரீட்சைத் தாளில் தப்பைப் படிப்பதுபோல. கண்ணாடி மெல்ல நெற்றிக்கு ஏறியது.

“இது மஞ்சளா?”

கூட்டம் முழுதும் ஒரே நேரத்தில் விளக்கியது. டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“காரோட சொந்தக்காரர் சொல்லட்டும். அவருக்குத்தான் அறிவியலாச்சே.”

பன்யோங் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். சொன்னார். வேறு வழியில்லாமல் நன்றாகவே சொன்னார். ஸ்டிக்கர் இருந்ததை, எடுத்ததை, பசை மிச்சமிருந்ததை, மெழுகில் தண்ணீர் முத்தாகும், பசையில் பரவும் என்பதை. ஸ்டிக்கர் முதலில் ஏன் ஒட்டியிருந்தது என்பதை மட்டும், “அது... காரோடவே வந்தது” என்று முடித்தார்.

“சரி, வெறும் பசைதானே?” சாம்லி ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து அவர் கையில் திணித்தாள். “அழி. அழிச்சிட்டு டீச்சரை உக்கார வெச்சு சுகோத்தாய் வரைக்கும் ஓட்டு. கரும்பு லாரி வர்ற ரோடு. தாராளமா அழி தம்பி.”

டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். பன்யோங் துணியை எழுத்துக்கு மேலே கொண்டுபோனார். ஒரு சாண் உயரத்தில் கை நின்றது. உள்ளே ‘டிங்’ என்றது.

“ஈரம் காயட்டும்,” என்றார். “ஈரத்துல ஸ்பிரிட் பிடிக்காது.”

“நேரமாகுது,” என்றார் டீச்சர். “அப்படியே போலாம். கூடையைப் பின்சீட்டுலயே வெச்சுக்கறேன், சாமிக்கு ஏன் தொந்தரவு.”

சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறக்கக் குனிந்தார். பன்யோங் அவருடைய முதுகுக்குப் பின்னால், டிக்கி ஓரமாக நின்றார். யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, எழுத்தைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்து, கட்டைவிரல் மூக்கைத் தொட, சட்டென்று ஒரு கும்பிடு. ‘தப்பா எடுத்துக்காத. போயிட்டு வந்து திருப்பி ஒட்டிடறேன்.’

அவர் மறந்தது ஒன்றுதான். முந்தின நாள் பூரா அந்தக் கதவைத் தேய்த்திருந்தார். பூனை மீசை நீங்கலாக அது அப்பழுக்கில்லாத கண்ணாடி. அதில் டீச்சரின் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால், கண்மூடிக் கும்பிடுகிற ஒரு வழுக்கைத் தலையும் தெளிவாகத் தெரிந்தது.

டீச்சர் கூடையை வைத்தார். பிறகு முன்சீட்டுக்கு வராமல், கூடைக்குப் பக்கத்தில் தானும் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

“டீச்சர், முன்னாடி...”

“வண்டியை எடுங்க.”

ஆற்றுப் பாலம் தாண்டி, கரும்பு லாரிகள் தாண்டிக் கார் ஓடியது. ஒருமுறை பன்யோங் உள்கண்ணாடியில் அவர் முகத்தைத் தேடினார்.

“ரோட்டைப் பாருங்க. மேல இருக்கிறவங்க எவ்வளவைத்தான் பாத்துப்பாங்க?”

சுகோத்தாயில் டீச்சரின் அம்மா வாசலிலேயே காத்திருந்தார். குட்டையான அம்மா, மகளுடைய குரலே, இன்னும் கொஞ்சம் சத்தமாக.

“யாருடி இது?”

பன்யோங் கும்பிட்டபடி நின்றார். இந்தக் கேள்விக்காகத்தான் அத்தனையும்.

“கார் துடைக்கிறவரும்மா,” என்றார் டீச்சர், கூடையை இறக்கிக்கொண்டே. “நல்லா துடைப்பார். கதவுல எல்லாமே தெரியும்.”

பன்யோங்குக்குக் காது சுட்டது. அம்மா அதற்குள் காரைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டார். அங்கிருந்து ஒரு சத்தம்.

“ஏண்டி! இதுல மாலை போட்டிருக்கு! எழுத்து தானா வந்ததா? நீ என்னிக்குப் பொறந்த தம்பி? வியாழனா? நானும் வியாழன்! பிரானி, பவுடர் எடுத்துட்டு வா!”

“இந்த வீட்டுல பவுடர் கிடையாது.”

“உன் கண்ணுல படுறமாதிரியா வெப்பேன்?” அம்மா மடியிலிருந்தே ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். கொட்டினார். உள்ளங்கையைப் பரப்பி ஒரு வட்டம் போட்டதுதான் தாமதம், பன்யோங் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அவமானம், பயம், சுகோத்தாய், டீச்சர், எல்லாம் மறந்துபோயிருந்தது.

“அம்மா, வட்டமா வேண்டாம்மா. நேரா. இப்படி, நேர்க்கோட்டுல. அழுத்தாம. வட்டமா தேய்ச்சா வலை விழுந்துடும். ஆங், அப்படித்தான். மெதுவா.”

வியாழக்கிழமைக்காரர்கள் இருவரும் தலையோடு தலை முட்ட, டிக்கி மேல் குனிந்து, ஒரே சீராகப் பவுடர் தேய்த்தார்கள்.

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்தா, அவரைப் பார்த்தா என்று கேட்கிற நிலைமையில் பன்யோங் இல்லை. அவர் ஒரு ஏழு கிடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

(அந்த எண் வரவில்லை. முழு அழுக்கோடு விட்டிருந்தால் வந்திருக்கும், இவன் பாலிஷ் போட்டு ஒரு இலக்கத்தை அழித்துவிட்டான் என்று சாம்லி இன்றைக்கும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.)

சாயங்காலம் கிளம்பும்போது பன்யோங் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, டிரைவர் மாதிரியே நின்றார். டீச்சர் அதைத் தாண்டிப் போய், முன்கதவைத் தானே திறந்து உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டினார். பன்யோங் தன் பக்கம் ஏறிச் சாவியைத் திருகப் போனார்.

“இருங்க,” என்றார் டீச்சர், ரோட்டைப் பார்த்தபடி. “கும்பிடணும்னா இப்பவே இறங்கிக் கும்பிட்டுட்டு வந்துடுங்க. கரும்பு லாரி வரும்போது ஸ்டியரிங்கை விட்டுட்டுக் கும்பிடாதீங்க.”

பன்யோங் இறங்கிப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்.